பன்னிரண்டாம் வகுப்பு வரை

கண்ணு குமரேசா,

இந்தக் கடுதாசி உன் கைக்கு வரும்போது எந்த ஊரில், எவன் காட்டில் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருப்பாயோ எனக்குத் தெரியாது. திருச்செங்கோட்டில் உங்கள் போர் வண்டி ஆபீஸில் போய்க் கேட்டேன். ராய்ப்பூர் தாண்டி எங்கேயோ வண்டி நிற்கிறது, அடுத்த வாரம் மாற்று ஆட்கள் போகிறார்கள், கொடுங்கள் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். போனில் சொல்லிவிடலாமே, இந்த மனுஷன் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனும் போட்டுப் பார்த்தேன் சாமி. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் மழை பெய்ததையும் மாடு கன்று போட்டதையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். உன் பின்னால் கம்ப்ரசர் இரைகிறது, நீ "என்னங்கப்பா, சத்தமாச் சொல்லுங்க" என்று கத்துகிறாய். கத்திச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. ஐந்தாவது வரை படித்த கையை வைத்துக்கொண்டு நாலு நாளாக எழுதுகிறேன். வண்டி ஓடாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

சித்திரையில் நீ லீவில் வந்ததை வைத்துத்தான் தொடங்கவேண்டும். உன் மகள் தர்ஷினி மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் பரீட்சை எழுதி இடம் வாங்கியிருந்தாள். நீ படித்த அதே பள்ளிக்கூடம். உனக்குப் பணம் கட்டுவதற்கு ஆள் பிடித்துக் கொடுத்த அதே அறக்கட்டளை அவளுக்கும் பிடித்துக் கொடுத்திருந்தது. யாரோ கோயமுத்தூர்க்காரர்கள், புருஷனும் பெண்டாட்டியும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இந்த மாணவி பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை பள்ளிக் கட்டணம் முழுவதையும் செலுத்த உறுதியளிக்கிறோம் என்று அச்சடித்த பாரம். கீழே தகப்பன் கையெழுத்துக்கு ஒரு கோடு. உன் பெண்டாட்டி செல்வி அந்தப் பாரத்தையும் பேனாவையும் உன் முன்னால் வைத்தபோது நான் வாசலில் நடவுக்குக் குச்சிக்கிழங்குக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ பாரத்தை முழுதாகக்கூடப் படிக்கவில்லை. மேலே இருந்த அறக்கட்டளையின் பேரைப் பார்த்ததும் மடித்து அவளிடமே நீட்டிவிட்டாய்.

"பாதியில உட்டுட்டுப் போறவங்க காசு நம்மளுக்கு வேண்டாம் செல்வி. இந்தப் புள்ளையும் எம்மாதிரி ஆகறதுக்கா?" என்றாய். தர்ஷினி கதவோரம் நின்று, தான் பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். நீ கோபப்படவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து, தலையைத் தடவி, சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்: "நம்ம வம்சத்துக்குப் படிப்பு ஏறாது சாமி. உங்கொப்பனுக்கே ஏறலை."

என் கையில் இருந்த அரிவாள் நின்றுவிட்டது. எழுந்து வந்து அப்போதே சொல்லியிருக்கவேண்டும். குமரேசா, அது பொய், அந்தப் பொய்யைச் சொன்னவன் நான் என்று சொல்லியிருக்கவேண்டும். நான் மறுபடியும் குச்சியை நறுக்கினேன். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் நீ கிளம்பினாய். பஸ் வளைவு திரும்பி மறையும் வரை நின்றுகொண்டிருந்தேன். வயசாகிவிட்டது, மகன் போவதைப் பார்த்துக் கலங்குகிறார் என்று டீக்கடைக்காரன் நினைத்திருப்பான்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். உன் படிப்புக்குப் பணம் கட்டிய சேலத்தம்மா உன்னைக் கைவிடவில்லை. உன் கணக்கு மார்க்குக்கும் நீ படிப்பை விட்டதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ எட்டாவது முடித்த வருஷம் நான்தான் அறக்கட்டளை ஆபீஸுக்குப் போய், என் மகனுக்கு ஸ்பான்சர் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினெட்டு வருஷமாக இதை உன்னிடம் மறைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்வதற்குத்தான் மீதிக் காகிதம். சொன்னால் ஆறிவிடும் என்று சொல்லவில்லை. உனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

நீ ஆறாவது சேர்ந்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. பள்ளிக்கூடத்துப் பெரிய ரூமில் ஒரு பக்கம் பணம் கட்டுகிறவர்கள், எதிர்ப்பக்கம் நாம். அந்தம்மா சேலத்தில் ஏதோ சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு வாங்கியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்று வாத்தியார் காதில் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார். நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மத்தியானச் சோறு என்றாய். எனக்கு மானம் போயிற்று. அந்தம்மா கண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பாரத்தை வாசித்துக் கையெழுத்துப் போடச் சொன்னபோது நான் எழுத்துக்கூட்டித் திணறினேன். நீதான் எனக்காக வாசித்தாய். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு அந்தம்மா, "இது எனக்கு நானே போட்டுக்கிற கட்டுங்க. உங்களுக்கு இதுல ஒரு சுமையும் இல்லை. பையன் பள்ளிக்கூடம் வந்தாப் போதும்" என்றார். நல்ல வார்த்தை. ஆனால் எனக்கு உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. அதை அப்போது யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்று வருஷம் நன்றாகத்தான் போயிற்று. வருஷத்துக்கு இரண்டு முறை நீ அவருக்குக் கடுதாசி எழுதவேண்டும். நீ எழுதியதில் பிழையெல்லாம் சிவப்புப் பென்சிலால் திருத்தி, பதில் எழுதி, இரண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். ஒரு தடவை நீ மிளகு என்பதற்கு எந்த ‘ள’ என்று தெரியாமல் மூன்று விதமாக எழுதி, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கீழே குறித்திருந்தாய். அந்தக் குறும்புக்கு இரண்டு பக்கம் பதில் வந்தது. லீவில் வரும்போது நீ அதையெல்லாம் படித்துக் காட்டுவாய். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் என் மகனுக்கு என் வீட்டில் கிடைக்காத ஒன்று வெளியிலிருந்து வருகிறதே என்று ஒரு முள் எனக்குக் குத்திக்கொண்டே இருந்தது. பெற்றவனுக்குப் பொறாமை வரும் சாமி. வரக்கூடாது. எனக்கு வந்தது.

நீ எட்டாவது படித்த வருஷம் மிளகு விலை ஏறியது. அதற்கு முன்னும் அப்படி ஏறியதில்லை, பின்னும் ஏறவில்லை. அதே வருஷம் கோயில் முறையும் நம் வீட்டுக்கு வந்தது. முறை என்றால் உனக்குத் தெரியும்: வீட்டுக்கு ஒரு வருஷம் என்று சுற்றி வரும், முறைக்காரன்தான் முதல் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு சாமிக்கு முன்னால் நடக்கவேண்டும். நம் தலைக்கட்டுக்கு அது திரும்பி வர இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். உனக்குத் தெரியாத ஒரு கட்டும் அதில் உண்டு. முறைக்காரன் வீடு அந்த வருஷம் வெளியாள் கையை எதிர்பார்த்து நிற்கக்கூடாது. கடன் இருந்தால் அடைக்கவேண்டும், இரவல் இருந்தால் திருப்பவேண்டும். திருவிழாவுக்கு வரி போடுவதற்காக ஊர்க்கூட்டம் கூடியபோது நம் பங்காளி ஒருத்தன் எழுந்தான். பேர் வேண்டாம், செத்துப்போய்விட்டான். "மொறைக்காரரு பையனுக்கு எவங்களோ எழுதிக் குடுத்துப் பணங் கட்டறாங்களாமே. அப்பங் கையெழுத்துக்கு மேல அவிங்க கையெழுத்துத்தானுங்க இருக்குது" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்ற ஆள் இல்லை என்று நான் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஊர்க்கவுண்டர் உடனே கையைக் காட்டினார். பிள்ளை படிப்புக்கு வருவது கடனும் இல்லை, இரவலும் இல்லை, அதை இதில் சேர்க்கவேண்டாம் என்றார். மனசு ஒப்பவில்லையென்றால் இந்த வருஷம் அடுத்த வீட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பையன் படிப்பு முடிந்த பிறகு எடுத்துக்கொள், ஊர் தப்பாக நினைக்காது என்றும் சொன்னார். இரண்டு வழியைத் திறந்து காட்டினார் அந்த மனுஷன். நான் எழுந்து, "எம்பையனுக்கு நாங் கட்டிக்குவனுங்க. எவுரு கையும் வேண்டாம்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. அந்த நிமிஷம்தான் உன் தலையில் மண்ணைப் போட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாளே கீழே இறங்கி ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த பெண், அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யலாமே என்றாள். தேவையில்லை, இனிமேல் நாங்களே பார்த்துக்கொள்வோம், வேறு ஏழைப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று பெரிய தர்மப்பிரபு மாதிரிப் பேசினேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு மிளகு விற்ற பணத்தை எண்ணிக் கட்டினேன். திருவிழாவில் பானையைத் தூக்கினேன். நீ லீவு போட்டு வந்து கூட்டத்தில் முண்டியடித்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். கோயிலுக்கும் நம் வீட்டுக்கும் ஒரு பர்லாங்குகூட இருக்காது. அந்த ஒரு பர்லாங்கு நடந்ததற்கு நாம் கொடுத்த விலையை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. மிளகுக்கொடியில் இலை மஞ்சளாகி, கணு கணுவாக உதிர்ந்தது. வாடல் நோய் வந்தால் கொடி ஒரு மாசம் தாங்காது. தை பிறப்பதற்குள் மேல்காடு, கீழ்காடு இரண்டிலும் கொடி படர்ந்திருந்த சில்வர் ஓக் மரங்கள் மட்டும் மொட்டையாக நின்றன. பத்தாம் வகுப்புக்குப் பணம் கட்ட வழியில்லை. அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை கண்ணு. ஆபீஸுக்குப் போய், நான் எழுதிக் கொடுத்தது தப்பு, மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். கேட்பதற்குக் கிளம்பினேன். என்ன பேசவேண்டும் என்று எழுபது கொண்டை ஊசி வளைவும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கி ஒரு டீ குடித்தேன். அடுத்த பஸ்ஸில் மேலே ஏறி வந்துவிட்டேன். ஊரில் எல்லாரும் பார்க்க, ‘வேண்டாம்’ என்று சொன்னவனுக்கு, யாரும் பார்க்காத இடத்தில் போய் வேண்டும் என்று கேட்பதற்கு வாய் வரவில்லை.

நீ பள்ளிக்கூட விடுதியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாய். இந்த வருஷம் எனக்கு ஏன் பணம் வரவில்லை என்று கேட்டாய். ஒன்பதாவதில் என் காசு போனது உனக்குத் தெரியாது. அதுவும் சேலத்தம்மா காசு என்றே நினைத்திருந்தாய். ஊர்க்கூட்டத்தில் பெருமையாகச் சொன்னதை உன்னிடம் சொல்லாமல் விட்டிருந்தேன், அவரோடு உனக்கு இருந்த ஒட்டு எனக்குத் தெரியும் என்பதால். அதனால் என் வாயில் சுலபமாக வந்த பொய் இதுதான்: அந்தம்மா நிறுத்திவிட்டார்கள். நீ பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டே நின்றாய். பிறகு கேட்டாய்.

"என் கணக்கு மார்க்காலயாங்கப்பா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அடுத்து வேறு எதனால் என்று கேட்பாய். அதற்குப் பயந்து, "அப்புடித்தான் போலிருக்குது" என்றேன். நீ தலையை ஆட்டினாய். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை உளறியிருப்பேன். உள்ளே போய்ப் பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றி, துவைக்கப் போடாமல் மடித்து வைத்தாய்.

மலைமேலேயே சர்க்கார் பள்ளிக்கூடம் இருந்ததே, அதில் சேர்த்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். சேர்க்கத்தான் பார்த்தேன். ஹெட்மாஸ்டரைக் கண்டு பேசினேன், நல்ல மனுஷர், நாளைக்கே அனுப்புங்கள் என்றார். நீதான் மாட்டேன் என்றாய். முழுசாகப் பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்களே இவன் தேறமாட்டான் என்று விட்டுவிட்டார்கள், பிறகு எதற்காக அங்கே போய் உட்காரவேண்டும் என்று கேட்டாய். உன் அம்மா கெஞ்சினாள். நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. உன் படிப்பை நிறுத்தியது மிளகு வாடியதோ, பணம் இல்லாததோ இல்லை. காசு வேண்டாத பள்ளிக்கூடம் மூன்று மைலில் இருந்தது. உன்னை அங்கே போகவிடாமல் தடுத்தது நான் சொன்ன நாலு வார்த்தை.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் கடுதாசியையே கிழித்துப் போடலாம். ஆனி மாசம் அந்தம்மா நம் வீட்டுக்கு வந்தார். நீ பள்ளிக்கூடம் வருவதில்லை என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். சேலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்து வாசலில் நின்றார். உன் அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நீ கீழ்காட்டில் பட்டுப்போன மிளகுக்கொடியை மரத்திலிருந்து அறுத்து இறக்கிக்கொண்டிருந்தாய். கொடி கிழிகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பையன் எங்கே என்றார். மலைக்கு அந்தப் பக்கம் குண்டூர் நாட்டில் அவன் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றேன். ஏன் படிக்க வரவில்லை என்றார். "அவனுக்குப் படிப்புல நாட்டமில்லீங்க. வேண்டாம்னுட்டான்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டார். கொடுத்த காப்பியைப் பாதி குடித்தார். கிளம்பும்போது, "பையன் மனசு மாறினாச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றார். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடப் போனேன். வழியில் உன் பேச்சை எடுக்காமல் குச்சிக்கிழங்கு எத்தனை மாசப் பயிர் என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் திரும்பி வந்தபோது நீ காட்டிலிருந்து ஏறி வந்து, யாரு வந்தாங்க என்றாய். ரேஷன் கார்டு கணக்கெடுக்க வந்தார்கள் என்றேன். உன்னிடம் அவர் விட்டார் என்றும், அவரிடம் நீ விட்டாய் என்றும் சொல்லி, நடுவில் நான் நல்லவனாக உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு உள்ளது உனக்கே தெரியும். மூன்று வருஷம் காட்டுவேலை, பதினெட்டில் போர் வண்டி. முதல் லீவில் நீ வந்தபோது விரல் இடுக்கெல்லாம் புண். இப்போது வலது காது சரியாகக் கேட்பதில்லை என்று செல்வி சொல்கிறாள். கேட்காத பக்கம் நின்று பேசினால் நீ சும்மா சிரித்து வைக்கிறாயாம். உன் உழைப்பில்தான் வீட்டுக்குக் காங்கிரீட் போட்டோம், நான் கண் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஒரு நாளும் நீ முகம் சுளித்ததில்லை. எங்களுக்குப் பணம் அனுப்பும்போதெல்லாம், படிப்பு வராத பையனை வைத்துக் கஞ்சி ஊற்றினீர்களே என்று விளையாட்டாகச் சொல்வாய். உன் அம்மா அந்தச் சேலத்தம்மாவைக் கரித்துக் கொட்டுவாள். மண்ணாகப் போகட்டும், நம்பவைத்துக் கழுத்தறுத்தாள் என்பாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்பேன்.

நீ போன பிறகு எனக்குத் தாங்கவில்லை. தர்ஷினி பாரத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன், தாத்தன் கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்று கேட்பதற்கு. தகப்பன் இருக்கும்போது தகப்பன்தான் போடவேண்டும் என்றார் அங்கிருந்தவர். ஊர் பேரையும் உன் பேரையும் பார்த்துவிட்டு, இந்தப் பேரில் பழைய கட்டு ஒன்று இருக்கிறதே என்று அலமாரியில் தேடி எடுத்து வந்தார். நான் எழுதிக் கொடுத்த காகிதம் அதில் இருந்தது. ஒன்பதாவதுக்கு நானே கட்டிவிட்டதால் அதற்கு ரசீது இல்லை, ஆனால் அடியில் வேறு மூன்று ரசீது இருந்தது. உன் பேர் போட்டு, பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு. மூன்றும் முழுப் பணம், சேலத்தம்மா கையெழுத்து. எனக்கு விளங்கவில்லை. பையன்தான் வரவே இல்லையே என்றேன். அவர் நிதானமாக விளக்கினார். வேண்டாம் என்று தகப்பன் எழுதிக் கொடுத்தாலும், கட்டுகிறேன் என்று எழுதியவர் அதை ரத்து செய்யவில்லையாம். பன்னிரண்டு வரை என்று எழுதியிருக்கிறேன், நடுவில் வந்தால் அவனுக்கு இடம் இருக்கவேண்டும் என்று சொல்லி ஒவ்வொரு ஜூனிலும் கட்டியிருக்கிறார். வருஷம் முடிந்த பிறகு, மாணவர் வரவில்லை, வேறு பிள்ளைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அவர் கையாலேயே ரசீதின் பின்னால் எழுதியிருக்கிறது. மூன்று வருஷமும் அதே வரி.

குமரேசா, நீ கீழ்காட்டில் கொடி அறுத்துக்கொண்டிருந்த மூன்று வருஷமும் அந்தப் பள்ளிக்கூடத்தில் உன் பேரில் ஒரு இடம் காலியாக இருந்திருக்கிறது. நான் வாயைத் திறந்திருந்தால் எந்தத் திங்கள்கிழமையும் நீ போய் உட்கார்ந்திருக்கலாம். அந்தம்மாவைப் பார்க்கவேண்டும், காலில் விழவேண்டும் என்று விலாசம் கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார் என்றார்கள். ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெரியவருக்கு மயக்கம் போல என்று பேசிக்கொண்டார்கள்.

உன் அம்மாவிடம் முந்தாநாள் சொல்லிவிட்டேன். உனக்கு முன்னால் அவளுக்குத் தெரியவேண்டும் என்று பட்டது. கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல் கேட்டாள். "அந்தப் புண்ணியவதிய இத்தன வருசமா நான் என்னென்ன சொன்னனுங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள். அது சரிதான். நீயும் பேசவேண்டாம் என்று நினைத்தால் பேசாதே. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை, கேட்கப்போவதும் இல்லை. தகப்பன் என்றால் பிள்ளை முன்னால் தலை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். குனிந்து நின்றிருந்தாலும் நீ என்னை அப்பா என்றுதான் கூப்பிட்டிருப்பாய். இது புரிய இவ்வளவு வயசு ஆகிவிட்டது. உனக்கு அவ்வளவு நாள் ஆகவேண்டாம். பிள்ளையிடம் தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம், நான் பதினெட்டு வருஷம் தள்ளிப் பார்த்தவன்.

இந்தக் கடுதாசியோடு தர்ஷினியின் பாரத்தையும் மடித்து வைத்திருக்கிறேன். மாற்று ஆட்கள் வந்து இறங்கியதும் பழைய ஆட்கள் சிலர் அதே வாரம் ஊருக்குத் திரும்புகிறார்களாம், கையெழுத்துப் போட்டால் அவர்களிடம் கொடுத்தனுப்பு. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வரைக்கும் ஆபீஸில் பொறுத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மேலே இருக்கிற பள்ளிக்கூடத்தில் படித்தாலும் அவள் நன்றாகத்தான் படிப்பாள், அதில் எனக்குத் தகராறு இல்லை. யோசித்து அங்கேயே சேர்க்கலாம் என்று முடிவு செய்தால் சேர். ஆனால் பாதியில் விட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் மட்டும் இதைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பாதே. உனக்கு எழுதிக் கொடுத்தவர் கடைசி வருஷம் வரைக்கும் விடவில்லை. என் மேல் இருக்கிற கோபம் எங்கேயும் போய்விடாது, கையெழுத்தைப் போட்டுவிட்டு அப்புறம் கோபப்படு.

கையெழுத்தைவிட அவசரமாக ஒன்று இருக்கிறது, அதற்கு ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டாம். நேற்று தர்ஷினியைக் கூப்பிட்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். போன மாசம் மூச்சுவிடாமல் சொன்ன பிள்ளை. எனக்கு வராதுங்க அப்பாரு, நம்ம வம்சத்துக்கு ஏறாதாமா என்று சொல்லிவிட்டு, வருத்தம்கூட இல்லாமல் ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போனாள். உடனே அவளுக்குப் போன் போடு சாமி. நீ சொன்னது தப்பு என்று நீயே சொல். நானும் செல்வியும் சொல்லிப் பார்த்துவிட்டோம், கேட்கமாட்டேன் என்கிறாள். அன்றைக்கு நீ என்னை நம்பியது போலவே அவள் உன்னை நம்புகிறாள்.

உன் அப்பா